மார்ச்சில் வந்த பிறந்தநாள்

நான் நவம்பரில் பிறந்தவள். எட்டு வயது முடிந்து நான்கைந்து மாதம்கூட நிறையாத எனக்கு, ஒரு மார்ச் மாத மத்தியானத்தில், கொர்ஃபக்கான் கடலில், முன்பின் தெரியாதவர்கள் கூடிநின்று கைதட்டிப் பாட, ஒன்பது வயது ஆகிவிட்டது. இந்த அற்புதத்தைச் செய்துவைத்தவர் என் மாமா. அல்லது நெடுங்காலம் அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நாங்கள் ஷார்ஜாவில், ரோலா பக்கம் ஒரு பழைய கட்டிடத்தின் நான்காவது மாடியில் குடியிருந்தோம். வாப்பாவுக்கு ஜெபல் அலியில் வேலை. கப்பலில் வந்து இறங்கும் உறைந்த மீன் பெட்டிகளை அடுக்கிவைக்கும் குளிர்க்கிடங்கு ஒன்றில் சூப்பர்வைசர். விடிவதற்குள் கிளம்பிப்போய் இருட்டியபிறகு வருவார். வாரத்தில் ஒரே ஒருநாள்தான் அவரை வெயிலில் பார்க்கலாம். அன்றைக்கும் பாதிநாள் தூங்குவார். அவர் தூங்கும் அறைக்கு வெளியே டிவியைச் சத்தமில்லாமல் பார்க்க நான் நன்றாகப் பழகியிருந்தேன்.

அந்த வருஷம் வாப்பாவின் கம்பெனி வேறொருவர் கைக்குப் போனது. புதிதாக வந்தவர்கள் வீட்டு வாடகை தர மாட்டோம், குடும்பத்தை வைத்துக்கொள்வது அவரவர் பாடு என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே பள்ளிக்கூட வருஷம் முடிந்ததும் உம்மாவும் நானும் ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போய்விடுவது, வாப்பா மட்டும் கம்பெனி கேம்பில் நாலுபேரோடு ஓர் அறையில் தங்கிக்கொள்வது என்று முடிவாயிற்று. இது உம்மாவுக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியும், கட்டிடத்து வாட்ச்மேனுக்கும் கீழே இருந்த மலையாளி மளிகைக்கடைக்காரருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. படிக்கிற பிள்ளை, பரீட்சை நேரம், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்கள்.

வளைகுடாவில் குடியிருக்கிற எங்களைப் போன்றவர்கள் அந்த நாட்டைச் சுற்றிப்பார்ப்பது இரண்டே சந்தர்ப்பங்களில்தான். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் பார்ப்பார்கள். இல்லையென்றால், ஊருக்கே போய்விடுவது என்று ஆனபிறகு பார்ப்பார்கள். நான் பிறந்ததிலிருந்து, பால்கனியில் நின்றால் தூரத்தில் தெரிகிற கோபுரத்துக்குக்கூட எங்களைக் கூட்டிப்போகாத வாப்பா, அந்த ஒரு மாதத்தில் அதன் உச்சிக்கே கூட்டிப்போனார். டால்ஃபின் பந்து விளையாடுவதைக் காட்டினார். பாலைவனத்து மணல்மேட்டில் ஜீப்பில் ஏற்றிக் குலுக்கி எடுத்தார். உம்மா மூன்று முறை வாந்தி எடுத்தாள், ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நான் இதற்கெல்லாம் ஒரே காரணம்தான் கண்டுபிடித்தேன். நாங்கள் பணக்காரர்கள் ஆகிவிட்டோம். அதற்கு அத்தாட்சியும் இருந்தது. யார் யாரோ வந்து எங்கள் சோபாவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவ்வளவு நல்ல சோபா அது என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சோபாவைக் காணோம். சரி, புது சோபா வரப்போகிறது. அடுத்த வாரம் வாஷிங் மெஷினைக் காணோம். அதுவும் வரும். என் தோழியிடம் எங்கள் வீட்டில் எல்லாம் புதுசாக மாற்றுகிறோம் என்று பெருமையடித்துக்கொண்டேன். போனில் பேசும்போது வாப்பா அடிக்கடி ‘கேன்சல்’ என்று ஒரு வார்த்தையைச் சொல்வார். அப்படிச் சொல்லும்போதெல்லாம் குரலைத் தணித்துக்கொள்வார். அது ஏதோ கெட்ட வார்த்தை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

மாமா உம்மாவுக்குத் தம்பி. டூர் டிக்கெட் விற்கும் கடை ஒன்றில் வேலை பார்த்தார். அவருக்குத் தெரியாத டிரைவர் இல்லை, அவரைத் தெரியாத போட்காரர் இல்லை என்பது அவரே எங்களுக்குச் சொன்ன தகவல். லீவு நாளில் காலைச் சாப்பாட்டுக்கு வந்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் இருப்பார். அப்படி ஒரு லீவு நாளில், தட்டில் இடியாப்பத்தைப் பிய்த்துப்போட்டபடி, அறிவித்தார்.

“லாத்தா, வர்ற வாரம் எல்லாரும் கட்டமரான்ல போறோம். கொர்ஃபக்கான். தீவுக்கிட்டப் போயி கண்ணாடி மாட்டிக்கிட்டுத் தண்ணிக்குள்ள மீன் பாக்குறோம். யல்லா, ரெடியாகுங்க.”

அக்காவை லாத்தா என்று கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம். லாத்தாவுக்கு, அதாவது என் உம்மாவுக்கு, முகம் போனபோக்கைப் பார்க்கவேண்டும். எங்கள் ஊரில் பெண்கள் கடலைப் பார்ப்பார்களே தவிர அதில் இறங்க மாட்டார்கள். கட்டுமரத்தில் ஏறுவதாவது! நாலு கட்டையைக் கயிற்றால் கட்டி, அதன்மேல் அபாயாவோடு தன்னை உட்காரவைத்துத் தள்ளிவிடப் போகிறார்கள் என்றே அவள் நினைத்தாள். மாமா போனில் படத்தைக் காட்டினார். வெள்ளை வெளேரென்று, இரண்டு பெரிய ஓடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடுவில் வீடு கட்டியதுபோல இருந்தது. பாத்ரூம்கூட உண்டு என்றார். பாத்ரூம் என்றதும் உம்மா கொஞ்சம் இறங்கிவந்தாள்.

“தீவுக்குப் பேரு என்ன?”

“சுறாத் தீவு.”

“யா அல்லாஹ்!”

“பேருதான் லாத்தா. பாம்பன்ல பாம்பா இருக்கு?”

அடுத்துத்தான் மாமா விஷயத்துக்கு வந்தார். அந்தப் படகில் ஒரு வழக்கம் உண்டாம். அன்றைக்குப் பிறந்தநாள் வருகிற பிள்ளை யாராவது இருந்தால், அந்தப் பிள்ளைக்கு டிக்கெட் கிடையாது, கேக்கும் அவர்களே வெட்டுவார்களாம். “நம்ம புள்ளைக்கு அன்னைக்குப் பொறந்தநாள்னு சொல்லிட்டேன். கலாஸ், முடிஞ்சது வேலை” என்று கையைத் தட்டிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் பிறந்தநாள் கொண்டாடுவது கிடையாது. அது நம் மார்க்கத்தில் இல்லாத பழக்கம் என்பதில் உம்மா உறுதியாக இருந்தாள். அவளுடைய உம்மாவும் அப்படித்தான். என் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் பிறந்தநாளன்று யூனிஃபார்ம் போடாமல் கலர் டிரஸ்ஸில் வந்து, தட்டில் மிட்டாய் வைத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போவார்கள். நான் நவம்பரில் வழக்கம்போல நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாகப் போய், வழக்கம்போல வீட்டுக்கு வருவேன். எனக்கு அதில் வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய். எனக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துவிடும்.

உம்மா மாமாவை முறைத்தாள். “பொய் சொல்லிட்டா வந்திருக்கே? அதுவும் பொறந்தநாளுன்னு!”

“பொய் எங்க சொன்னேன்? தேதியைக் கொஞ்சம் முன்னாடி இழுத்திருக்கேன், அவ்வளவுதான்.”

உம்மா வாப்பாவைப் பார்த்தாள். இந்த மாதிரி நேரத்தில் மச்சானைக் கண்டிக்க வேண்டிய வாப்பா, குனிந்து தேங்காய்ப்பாலை இடியாப்பத்தின்மேல் ஊற்றிக்கொண்டிருந்தார். “சும்மா கிடைக்கிறதை ஏன் விடணும்?” என்று தட்டைப் பார்த்துச் சொன்னார். வாப்பா அப்படிச் சொல்லி நான் கேட்டதேயில்லை. கடையில் மீதிச் சில்லறை கூடுதலாக வந்துவிட்டால் நாலு மாடி இறங்கிப்போய்க் கொடுத்துவிட்டு வருகிற மனிதர் அவர்.

உம்மாவின் மனதுக்குள் இரண்டு கொள்கைகள் மோதிக்கொண்டன. பிறந்தநாள் கொண்டாடக் கூடாது; இலவசமாக வருவதை வீணாக்கவும் கூடாது. இரண்டாவது கொள்கை மயிரிழையில் ஜெயித்தது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். கேக்கை வேண்டுமானால் வெட்டலாம், பிஸ்மி சொல்லி வெட்டவேண்டும். தன் பிள்ளை மெழுகுவர்த்தியை மட்டும் ஊதாது.

மாமா என்னைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார். “யாரு கேட்டாலும், டுடே மை பர்த்டே, நைன் இயர்ஸ். அவ்வளவுதான். வேற ஒண்ணும் பேசக் கூடாது. உளறுனே, அப்புறம் எல்லாருக்கும் விசா கேன்சல்!” சொல்லிவிட்டுச் சிரித்தார். உம்மா சிரிக்கவில்லை. வாப்பா எழுந்து கைகழுவப் போய்விட்டார்.

அந்தக் கெட்ட வார்த்தைக்கு அன்றைக்குத்தான் எனக்கு அர்த்தம் தெரிந்தது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் நடப்பதற்குப் பெயர் கேன்சல்.

அந்த வாரம் முழுதும் நான் சரியாகத் தூங்கவில்லை. அந்த நாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி என்பது விளையாட்டு விஷயமல்ல. ஆஸ்பத்திரியில் கேட்பார்கள், பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள், ஏர்போர்ட்டில் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை உடையில் உட்கார்ந்திருப்பவர் பாஸ்போர்ட்டையும் முகத்தையும் மாறிமாறிப் பார்ப்பார். படகில் ஏறும்போது யாராவது பாஸ்போர்ட்டைக் காட்டு என்று சொன்னால் என்ன செய்வது என்பதே என் கவலை.

யாரும் கேட்கவில்லை. காலையில் வாப்பா காரோட்ட, மலைகளைக் குடைந்து போட்ட சாலை வழியாகப் போய்ச் சேர்ந்தோம். படகில் ஏற்றிவிட்டது ஒரு ஃபிலிப்பினோ அக்கா. வெயிலில் கறுத்த முகம், கழுத்தில் விசில். அவள் என்னைப் பார்த்ததும் குனிந்து, “பர்த்டே கேர்ள்!” என்றாள். நான் மூச்சுவிடாமல், “டுடே மை பர்த்டே நைன் இயர்ஸ்” என்று ஒப்பித்தேன். காது இரண்டும் கொதித்தன. அவள் நிமிர்ந்து வாப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். வாப்பாவும் சிரித்தார். மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்ற பயமே இல்லாமல் எப்படி இவரால் சிரிக்க முடிகிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

படகின் முன்பக்கத்தில் இரண்டு ஓடங்களுக்கும் நடுவே ஒரு வலை கட்டியிருந்தார்கள். அதில் படுத்தால் கீழே கடல் ஓடுவது தெரியும். ஒரு ரஷ்யக் குடும்பம் ஏறியவுடனேயே அதில் படுத்து வெயில் காய ஆரம்பித்துவிட்டது. உம்மா நிழலில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் ஓதியபடி உட்கார்ந்திருந்தாள். மாமா கேப்டனின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். கேப்டனைப் பல வருஷமாகத் தெரியும் என்று சொல்லியிருந்தவர், எடுத்த பிறகு அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

சுறாத் தீவு என்பது கடலில் நின்ற ஒரு பாறை மேடு, அவ்வளவே. அதன் பக்கத்தில் நங்கூரம் போட்டார்கள். கண்ணாடி, வாயில் கடித்துக்கொள்ளும் குழாய், வாத்துக்கால் மாதிரி ரப்பர் செருப்பு, ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் எல்லாம் கொடுத்தார்கள். வாப்பாவுக்கு நீச்சல் தெரியாது. பக்கத்தில் நின்ற ரஷ்யக்காரர் ஜட்டியோடு குதித்தார். வாப்பா முழுக்கைச் சட்டையும் பேண்ட்டும் அதன்மேல் லைஃப் ஜாக்கெட்டும் அணிந்து, ஏணியில் ஒவ்வொரு படியாக, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். இறங்கியதும் என் பக்கம் கையை நீட்டினார்.

“வாம்மா. நான் பிடிச்சுக்கிறேன்.”

பிடித்துக்கொண்டது நான்தான் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. ஏணியிலிருந்து மறுகையை எடுக்கவே அவருக்கு மனம் வரவில்லை. ஆனாலும் என் கையை விடவில்லை. குழாய் ரப்பர் வாசனை அடித்தது. முதல் தடவை மூச்சு உள்ளே போகவில்லை, உப்புத் தண்ணீர்தான் போனது. இரண்டாம் தடவை முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தபோது எல்லாச் சத்தமும் நின்றுபோய், என் மூச்சு மட்டும் எனக்குக் கேட்டது. கீழே பாறையெல்லாம் மீன். மஞ்சளில் கறுப்புக் கோடு போட்டவை கூட்டமாகப் போயின. பச்சையும் நீலமுமாக ஒன்று பாறையைக் கடித்துக் கடித்துத் தின்றது. முள் பந்துகள் கறுப்பாக இடுக்குகளில் உட்கார்ந்திருந்தன. பிறந்தநாளையும் கேன்சலையும் நான் மறந்துபோனேன். அந்த நேரம் முழுக்க என் இடது கையில் வாப்பாவின் வலது கை இருந்தது. தண்ணீருக்குள்ளிருந்தே திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் பெரிதாகத் தெரிந்த கண்களால் அவர் மீனைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே பாருங்கள் என்று நான் விரலால் காட்டவேண்டியிருந்தது.

மேலே வந்ததும் குழாயைத் துப்பிவிட்டு வாப்பா சொன்னார், “உசுரோட இருக்கையில இத்தனை கலராவா இருக்கு!” இத்தனை வருஷமாக ஆயிரக்கணக்கில் மீனைப் பெட்டியில் பார்த்தவர் அவர்.

உம்மா இறங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஆனால் நாங்கள் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னதைக் கேட்டுக்கேட்டு, கடைசியில் ஏணியின் கீழ்ப்படிவரை வந்தாள். வாப்பா தண்ணீரில் மிதந்தபடி அவள் முழங்கையைப் பிடித்துக்கொள்ள, தலையில் சுற்றிய மக்கனாவின்மேல் கண்ணாடியை இழுத்து மாட்டிக்கொண்டு, தொழுகையில் குனிவதுபோலக் குனிந்து முகத்தைத் தண்ணீரில் வைத்தாள். உடனே எடுத்துவிடுவாள் என்று நினைத்தோம். எடுக்கவில்லை. மூச்சுக்கு மட்டும் தலையைத் தூக்கித் தூக்கி மறுபடி குனிந்தாள். வாப்பா பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து, “சுப்ஹானல்லாஹ்” என்றாள். கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தாள். துடைத்த பிறகும் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள். உப்புத் தண்ணீர் கண்ணில் பட்டால் எரியும்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் என் சோதனை ஆரம்பித்தது. ஃபிலிப்பினோ அக்கா உள்ளேயிருந்து கேக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மாம்பழக் கேக். எனக்கு உலகத்திலேயே பிடித்தது அதுதான். மேலே என் பெயர், ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லாமல் இருந்தது. என் பெயரைப் பள்ளிக்கூடத்திலேயே மூன்று விதமாக எழுதுவார்கள். இந்தப் படகுக்காரர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள், இவர்களையா நாம் ஏமாற்றுகிறோம் என்று ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

அவள் நடுவில் ஒரு மெழுகுவர்த்தியைக் குத்திப் பற்றவைத்தாள். உம்மா மாமாவைப் பார்த்தாள், மாமா வாப்பாவைப் பார்த்தார், வாப்பா வானத்தைப் பார்த்தார். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று அடித்தது பாருங்கள், மெழுகுவர்த்தி தானாக அணைந்துபோனது. அக்கா மறுபடி பற்றவைத்தாள், மறுபடி அணைந்தது. “அல்லாஹ் காப்பாத்துனான்” என்று உம்மா வாய்விட்டே சொன்னாள். நான் பிஸ்மி சொல்லி வெட்டினேன். எல்லாரும் பாடினார்கள். மாமா எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடினார். வாப்பா பாடவில்லை, போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். முதல் துண்டை அவருக்கு ஊட்டினேன். வாயைத் திறந்தவர் மெல்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

இதோடு போயிருந்தால் தப்பித்திருப்பேன். அந்த ரஷ்யக் குடும்பத்தில் என் வயசு ஒத்த ஒரு பெண் இருந்தாள். எனக்குப் பிறந்தநாள் என்பதால் தன் கையில் போட்டிருந்த நீலமணி வளையலைக் கழற்றி என் கையில் மாட்டிவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ரஷ்ய பாஷை தெரியாது. அவள் கையில் வளையல் இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. பொய் சொல்லிக் கேக்கைத் தின்றாயிற்று, அது வயிற்றுக்குள் போய்விட்டது. ஆனால் இந்த வளையல் கையிலேயே இருக்கிறதே! ஓதிக்கொடுக்கும் உஸ்தாது, அடுத்தவர் பொருளை ஏமாற்றி வாங்கினால் என்ன ஆகும் என்று சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. விசா போனாலும் பரவாயில்லை என்ற முடிவுக்கு வந்தேன்.

ஃபிலிப்பினோ அக்கா பின்பக்கத்தில் தனியாக உட்கார்ந்து, ரப்பர் செருப்புகளை நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். இன்றைக்கு எனக்குப் பிறந்தநாள் இல்லை, நவம்பரில்தான், இந்த வளையலை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிடுங்கள் என்று இங்கிலீஷில் சொல்லிமுடித்தேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவள் அதிரவில்லை. விசிலும் ஊதவில்லை. ஈரக் கையால் என் கன்னத்தைத் துடைத்து, “ஐ நோ, பேபி. யுவர் டாடி டோல்ட் மீ” என்றாள். வளையலை என் கையிலேயே நன்றாக ஏற்றிவிட்டாள். பிறகு மறுபடி செருப்பை அலச ஆரம்பித்தாள்.

வாப்பாவே சொல்லிவிட்டாரா! ஒருவாரம் தூக்கமில்லாமல் நான் காப்பாற்றிவந்த ரகசியத்தை, உளறக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த ரகசியத்தை, பெரியவர் ஒருவர் ஏறுவதற்கு முன்பே போட்டு உடைத்துவிட்டிருக்கிறார். திரும்பும்போது காரில் மாமா முன் சீட்டில் உட்கார்ந்து, “எப்பிடி மச்சான் நம்ம ஐடியா?” என்று தொடையைத் தட்டிக்கொண்டார். வாப்பா சாலையைப் பார்த்தபடி, “உன்னை மாதிரி ஒருத்தன் வேணும்டா” என்று சிரித்தார். சொதப்பியதும் இல்லாமல் சிரிப்பு வேறா என்று எனக்குக் கோபமாக வந்தது. பாவமாகவும் இருந்தது. என் வாப்பாவுக்கு ஒழுங்காக ஏமாற்றக்கூடத் தெரியவில்லை. மாமாவிடம் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று அந்தச் சுரங்கப்பாதைக்குள் முடிவு செய்தேன்.

அடுத்த இரண்டு வாரத்தில் பரீட்சை முடிந்தது. என் கட்டிலையும் காணோம். ஒருநாள் உம்மா பெட்டிகளை அடுக்கிக்கொண்டே, “இனிமே ஊர்லதான் ஸ்கூலு” என்றாள். ஏன் என்று கேட்டேன். “விசா கேன்சல் பண்ணியாச்சு, அதான்” என்றாள். அவள் வேறு வேலையில் இருந்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? யாரால், எதனால் என்பதெல்லாம் எனக்குத்தான் தெரியுமே.

அந்தப் படகில் பிறந்தநாள் பிள்ளைக்கு இலவசம் என்று ஒரு வழக்கம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இதை மாமா என்னிடம் சொன்னது நான் காலேஜ் முடித்தபிறகு, வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது. எனக்கும் முழு டிக்கெட்தானாம். கேக்குக்கு வாப்பாவே முன்கூட்டிப் போய்ச் சொல்லி, என் பெயரை அவரே பெரிய எழுத்தில் எழுதிக்கொடுத்தாராம். “உங்க வாப்பாதான் கேட்டாரு. நவம்பர்ல நான் பக்கத்துல இருக்கமாட்டேன், இனிமே எந்த நவம்பர்லயும் இருப்பேனான்னு தெரியாது, ஒரு தடவையாச்சும் புள்ளைக்குக் கேக்கு வெட்டிப் பாக்கணும்டான்னாரு. பொறந்தநாளுன்னு சொன்னா லாத்தா சம்மதிக்குமா? ஓசின்னு சொன்னாத்தானே வரும்? அதான் அப்படி அடிச்சுவிட்டேன்” என்றார். உம்மா அப்போது பக்கத்தில்தான் இருந்தாள். “எனக்குத் தெரியாதாக்கும்” என்றாள். தெரிந்தே வந்தாளா, பிறகு தெரிந்துகொண்டாளா என்று நான் கேட்கவில்லை.

நாங்கள் ஊருக்கு வந்த அந்த வருஷம் நவம்பரில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வாப்பா போன் செய்தார். மழை பெய்யுதா, ஸ்கூல் லீவா என்று கேட்டார். வேறெதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தவை. ஷார்ஜா ஏர்போர்ட்டில் நாங்கள் நின்றபோது எனக்குத் தெரிந்திருந்தது ஒன்றே ஒன்றுதான். பெட்டிகள் போய்விட்டன. உம்மா பாஸ்போர்ட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, அழுதுவிடக் கூடாது என்று மாமாவோடு எதையாவது பேசிக்கொண்டிருந்தாள். வாப்பா என் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். அவர் இப்படி முகம் தொங்கி நான் பார்த்ததில்லை. குற்றம் செய்தவர் முகம் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. கடைசியாக அவரைச் சமாதானப்படுத்திவிட்டுப் போகவேண்டும் என்று குனிந்து காதில் சொன்னேன்.

“வாப்பா, நீங்க சொன்னதை நான் யார்கிட்டயும் சொல்லலை.”

“எதைம்மா?”

“போட்ல அந்த அக்காகிட்ட, இன்னைக்குப் பர்த்டே இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்கல்ல? அதனாலதானே கேன்சல் பண்ணிட்டாங்க. மாமாகிட்ட சொல்லலை. உம்மாகிட்டயும் சொல்லலை.”

வாப்பா லேஸைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். உம்மா நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு நீலமணி வளையல் கிடந்த என் கையை எடுத்துத் தன் முகத்தின்மேல் வைத்துக்கொண்டார்.

“ஆமா. வாப்பாதான் சொல்லிட்டேன்” என்றார். “நீ யார்கிட்டயும் சொல்லாதே, என்னா?”

சரி என்று தலையாட்டினேன். அவர் ஒத்துக்கொண்டதே எனக்குப் போதும். வாப்பாவை மன்னித்துவிட்ட நிம்மதியோடு நான் விமானத்தில் ஏறினேன். ஜன்னலோர சீட் எனக்கே கிடைத்தது.